ஆடு கடிக்காத விராலி

கேள்வி: எங்கள் மேட்டுக்காட்டில் பாறை ஓரமாக இரண்டு புதர்கள், கோடையிலும் பச்சை மாறாமல் நிற்கின்றன. இலை எண்ணெய் தடவியதுபோல் மின்னுகிறது. ஆடு வாய் வைப்பதில்லை. அப்பா இதை விராலி என்கிறார். விரலி என்றால் மஞ்சள்தானே? ஒரு புதரில் மட்டும் காய் பிடிக்கிறது, மற்றதில் இல்லை. இதையே காட்டைச் சுற்றி உயிர்வேலியாக வைக்கலாமா?

பதில்: அப்பா சொன்னதுதான் சரி. விரல்போல நீண்டிருப்பதால் அது விரலி மஞ்சள், இது விராலி. ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம், செடியில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலைக்கு இந்தச் செடியால்தான் பெயர் வந்தது என்பார்கள்.

சந்தேகம் தீர, ஒரு கொழுந்து இலையை விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் விராலியேதான். தாவரவியல் பெயர் டோடோனியா விஸ்கோசா. முதல் பாதி, 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டோடோயன்ஸ் என்ற மருத்துவர் நினைவாக வைத்தது. விஸ்கோசா என்றால் பிசுபிசுப்பானது. நீங்கள் பார்த்த மினுமினுப்பு அந்தப் பிசின்தான். வெயிலில் இலை சீக்கிரம் நீரை இழக்காமல் காப்பதில் அதற்கும் பங்குண்டு. ஆடு ஒதுங்குவதற்கும் பிசினும் கசப்புமே காரணம். பூந்திக்கொட்டையும் முடக்கத்தானும் இதன் குடும்பம்தான். முடக்கத்தான் காயைப் பார்த்திருப்பீர்களே, காகிதப் பை மாதிரி இருக்கும். விராலிக் காயும் காகிதம் போன்றதுதான். ஆனால் பெரும்பாலும் மூன்று இறக்கை வைத்திருக்கும்.

அப்புறம், காய் விஷயம். விராலியில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூவில் இதழே கிடையாது, தேனீயைக் கூப்பிடும் எண்ணமும் இல்லை; மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகிறது. காய்க்காத உங்கள் புதர் அநேகமாக ஆண். மலடு என்று வெட்டிவிடாதீர்கள். பக்கத்தில் வேறு ஆண் செடி இல்லையென்றால் அடுத்த வருடம் மற்றதிலும் நல்ல விதை கிடைக்காது.

உயிர்வேலிக்குத் தாராளமாக வைக்கலாம். காய் பழுப்பேறி இறக்கை காய்ந்ததும் பறித்துக் கசக்கினால் சின்னச் சின்னக் கறுப்பு விதைகள் உதிரும். பலர் தோற்பது இங்கேதான்: விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது, கொஞ்சம்தான் முளைக்கும். கொதித்து இறக்கிய நீரை விதைமேல் ஊற்றி, ஆறவிட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பில் வைத்தபடி வேகவிடக் கூடாது. காலையில் ஊதிப் பருத்த விதைகளைப் பையில் விதையுங்கள். கன்று ஒரு முழம் வளர்ந்ததும் மழைக்காலத் தொடக்கத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம்.

முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். அதற்கு மேல் பாசம் காட்டினால் ஆபத்து. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். சரளை மண், செம்மண், பாறை இடுக்கு எதுவானாலும் சரி, வெயில் மட்டும் நன்றாக விழ வேண்டும். நுனியை அடிக்கடி கிள்ளிவிட்டால் அடர்ந்து வரும். இலையே இல்லாத முதிர்ந்த கட்டை வரை ஒட்ட வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று நம்ப முடியாது.

ஆனால் ஒன்று. விராலியில் முள் கிடையாது. ஆடு மாடு இதைத் தின்று வேலியை அழிக்காது, அவ்வளவுதான். நுழைய நினைத்த மாட்டை இது தடுக்காது. மாடு நுழையும் பக்கத்தில் நடுநடுவே முள்ளுள்ள கிளுவையையும் ஊன்றுங்கள்.