எங்கள் ஊர் எஸ்.பி.ஜி. கோயிலை ஆரம்பித்தது யார்?

கேள்வி: கும்பகோணம் பக்கம் வாய்க்காலோரச் சிற்றூர் எங்களுடையது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, முப்பது குடும்பம்கூட இல்லை. பெரியவர்கள் இன்றும் பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷன் சங்கத்தின் பெயரில் எஸ்.பி.ஜி. கோயில் என்றுதான் சொல்வார்கள். சுவரில் பதித்த கல்லில் ஒரு வெள்ளைக்கார ஐயர் (பாதிரியார்) பெயரும் ஓர் ஆண்டும் இருக்கின்றன. சபையை ஆரம்பித்தது அவர்தானா? அறுப்பின் பண்டிகைக்குள் சபை வரலாறு ஒன்றை அச்சிட நினைக்கிறோம். (வாசகர், கும்பகோணம் வட்டம்)

பதில்: கல்லை நம்பி எழுதினால் கட்டடத்தின் வரலாறுதான் வரும். டெல்டாவின் சின்னச் சபைகளில் பெரும்பாலும் முதலில் வந்தவர் ஓர் உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் ஊர் ஊராகப் போதித்த ஊழியர். அப்புறம் யார் வீட்டுத் திண்ணையிலோ கீற்றுக் கொட்டகையிலோ ஜெபம். செங்கல் சுவரும் கல்லும் ஐயர் பெயரும் ரொம்ப நாள் கழித்து.

1706-ல் ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியதை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அது டேனிஷ்காரர்களின் சின்ன இடம், சுற்றிலும் தஞ்சை ராஜாவின் சீமை, அங்கே வெள்ளைக்காரப் பாதிரிமார் நினைத்தபோதெல்லாம் நுழைந்துவிட முடியாது. ஊர் ஊராக நடந்தவர்கள் தமிழர்கள்தான். தஞ்சை ராஜாவின் படையில் சிப்பாயாக இருந்து உபதேசியார் ஆன ராஜநாயக்கன், 1733-ல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் (இந்தியர்களில் முதல் லுத்தரன் குரு இவர்தான், மாயவரம் பக்கமெல்லாம் சுற்றியவர்) ஆகியோர் பெயரை எந்தக் கோயில் கல்லில் பார்த்திருக்கிறீர்கள்? உங்கள் ஊருக்கு வந்தவர் இவர்களில் ஒருவர் என்று சொல்லவில்லை. இப்படி ஒருவர் வந்திருப்பார், அவரைத் தேடுங்கள் என்கிறேன்.

சரி, லுத்தரன் விதை எஸ்.பி.ஜி. ஆனது எப்படி? ஆள் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து, பணம் லண்டனின் ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.சி.கே.யிலிருந்து, 18-ஆம் நூற்றாண்டு முழுக்க இந்த ஏற்பாடுதான் ஓடியது. சுவார்ட்ஸ் ஐயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லுத்தரன் குருவான அவர், திருச்சியிலும் 1778-லிருந்து தஞ்சாவூரிலும் உழைத்தது இங்கிலாந்துச் சங்கத்தின் செலவில். 1790-ல் தஞ்சாவூரில் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கொடுத்ததும் லுத்தரன் முறைப்படி. அங்கே யாரும் இதைப் பெரிய முரண்பாடாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1820-களின் நடுவில் எஸ்.பி.சி.கே. இந்த ஊழியத்தை எஸ்.பி.ஜி. சங்கத்திடம் கொடுத்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும் விஷயம் ஒன்று. பேராயர் இல்லாமல் திடப்படுத்தலும் (ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்கு) இல்லை, குருப்பட்டமும் இல்லை என்பது ஆங்கிலிக்கன் சட்டம். ஆனால் இந்தியாவுக்கே முதல் ஆங்கிலிக்கன் பேராயர் கல்கத்தாவுக்கு வந்தது 1814-ல்தான்! இரண்டாவது பேராயரான ஹீபர் 1826-ல் தஞ்சாவூருக்கு வந்தார். மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. சாயங்காலத் தமிழ் ஆராதனையில் ஆசீர்வாதத்தை அவரே தமிழில் சொன்னார். அடுத்து திருச்சி, ஏப்ரல் 3 காலையில் கோட்டைக்குள் திடப்படுத்தல் ஆராதனையை முடித்துத் திரும்பி, வெயில் தாங்காமல் குளிக்க இறங்கியவர் தொட்டியிலேயே இறந்துபோனார். சென்னைக்குத் தனிப் பேராயர் வந்தது 1835-ல். அதுவரை சிற்றூர்ச் சபையைத் தாங்கியவர் உபதேசியார்தான்.

கேள்வி: எங்கள் ஊர் சி.எஸ்.ஐ., பக்கத்து ஊர் லுத்தரன். இரண்டும் சொந்தக்காரர்கள்தான். எப்படிப் பிரிந்தோம்? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: சில ஊர்கள் தரங்கம்பாடி வழியில் ஆரம்பத்திலிருந்தே லுத்தரன், அதில் கதை ஒன்றும் இல்லை. வேறு சில ஊர்களில் காரணம் சாதி. கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடம், திருவிருந்துக்குப் போவதிலும் முன்னே பின்னே. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாகவும் முழுவதுமாகவும் ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர், திருச்சி, சென்னை வேப்பேரி மூன்று இடத்திலும் கலகம். நிறையப் பேர் வெளியே போனார்கள். எதிர்த்தவர்களில் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். 1840-களில் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்த விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை, அதனால் பலர் அங்கே சேர்ந்தார்கள். நூற்றாண்டு மலர் போடும் சபைகள் இந்தப் பக்கத்தை மட்டும் நைசாகத் தாண்டிவிடும். உங்கள் ஊரில் யார் போனார்கள், யார் நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மிராசுதாரரின் பண்ணையில் வேலை செய்துகொண்டே நின்றவர்களின் கதை அதில்தான் கிடைக்கும்.

கேள்வி: ஆதாரம் எங்கே தேடுவது? (முதல் வாசகரே)

பதில்: முதலில் உங்கள் வட்டகைக் குருவின் (சுற்றுவட்டச் சபைகளைக் கவனிக்கும் குருவின்) அலமாரி. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். உங்கள் ஊர்ப் பெயர் முதலில் எந்த ஆண்டில் வருகிறது, கொடுத்தவர் யார் என்று பாருங்கள். கல்லில் உள்ள ஆண்டுக்கு முந்தியதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எஸ்.பி.ஜி. கடிதங்கள் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில், அதற்கு முந்தைய ஜெர்மன் அறிக்கைகள் ஹாலேயில். பதிவேட்டைப் படம் எடுக்கும்போது கையெழுத்து இருக்கும் ஓரத்தையும் சேர்த்து எடுங்கள். மறுபடி பைண்டிங் போடுகிறவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான்.