நண்பர்களோடு வீடியோவில் பேச எந்த இலவச ஆப் நல்லது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடித்து, கூட்டாளிகள் ஆளுக்கொரு பக்கம் போயிருப்பீர்கள் போல. எல்லாரும் இந்தியாவுக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாட்ஸ்அப் போதும். 32 பேர் வரை ஒரே காலில் சேரலாம். ஆனால் எவனாவது துபாய், ஷார்ஜா பக்கம் போயிருக்கிறானா?

நான் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், போட்டோ போகும், வாய்ஸ் நோட் போகும். கால் மட்டும் போகாது. அந்த நாட்டு விதி அப்படி. ஃபேஸ்டைமும் கிடையாது. இதில் கொடுமை, ரிங் மட்டும் ஒழுங்காக வரும். எடுத்தால் 'கனெக்டிங்' என்றபடியே நிற்கும்.

சங்கரன்கோவிலில் கூட்டாளி கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மொத்த செட்டும் மண்டபத்து மாடியில் உட்கார்ந்து எனக்கு வீடியோ கால் போட்டார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். கடைசியில் வாய்ஸ் நோட் வந்தது: "போனை எடுத்துட்டு வாயத் தொறக்க மாட்டேங்கான். துபாய் போனதும் தொரைக்குத் திமிரப் பாருல." எனக்கு ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் வித்தியாசம் சொல்லக்கூடத் தோன்றவில்லை. தடை என்று விளக்கினால், "என் மச்சான் அங்கேருந்து தினமும் பேசுதானே" என்றான் ஒருத்தன். அந்த மச்சான் காசு கட்டிப் பேசியிருப்பார். 2018 முதல் அனுமதி பெற்ற சில ஆப்கள் இருந்தன. அதற்கு மாதம் 50 திர்ஹாம் பேக் போட வேண்டும், அன்றைக்கு ஏறக்குறைய 900 ரூபாய். அதையும் போட்டேன். எதிர்ப்பக்கம் இருப்பவரும் அதே ஆப்பை ஏற்ற வேண்டுமே! "வாட்ஸ்அப் ஓசியா இருக்கும்போது அது எதுக்குல?" என்றார்கள். ஓசி யாருக்கு?

விபிஎன் (எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைத்து இணையத்தில் நுழையும் வழி) போட வேண்டியதுதானே என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். தடை செய்த காரியத்துக்கு விபிஎன் போட்டால் அபராதமே 5 லட்சம் திர்ஹாமில்தான் ஆரம்பம். ரூமில் பலர் போட்டுத்தான் பேசினார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. குடும்பக் கடனோடு போனவனுக்கு அந்தத் துணிச்சல் வராது, அவ்வளவுதான். அந்த நாட்டையும் திட்டவில்லை, என் வீட்டுக் கடனை அடைத்தது அந்தச் சம்பளம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'ஆளைப் பிடிக்கவே முடியல' என்ற அதே ஊர்க்காரர்களுக்குக் கோயில் கொடை வரி கேட்க மட்டும் என் நம்பர் தானாகக் கிடைக்கும். உள்ளூர்க்காரனுக்கு ஒரு வரி, வெளிநாட்டுக்காரனுக்கு இரட்டை வரி. வரிக்கு வந்த வாய்ஸ் நோட் ஒன்றுகூட வழியில் நின்றதில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அங்கே ஜூம், டீம்ஸ் எல்லாம் திறந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எனக்குச் சாயங்காலம் 5 மணி, ஊரில் 6.30, சிங்கப்பூர்க்காரனுக்கு ராத்திரி 9, டொராண்டோக்காரன் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருப்பான். 40 நிமிடத்தில் ஜூம் அறுத்துவிடும். கல்யாண மாப்பிள்ளை எப்போதும் 38வது நிமிடத்தில்தான் முக்கியமான கதையை ஆரம்பிப்பான். திரும்ப அதே லிங்கில் நுழைந்து, "எங்கல விட்ட?" என்று கேட்டுத் தொடருவோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூகுள் மீட்டில் இருவர் பேசினால் 24 மணி நேரம், மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஒரு மணி நேரம் இலவசம். ஜூம் இன்றும் 40 நிமிடம்தான், இப்போது இருவர் பேசினாலும் அதே கணக்கு. ஸ்கைப்பை யாராவது சிபாரிசு செய்தால் நம்பாதீர்கள், 2025 மே மாதமே மூடிவிட்டார்கள். வளைகுடாவில் ஒருத்தன் இருந்தால் முதலில் அவனுக்கு வாய்ஸ் நோட் போட்டு, "உனக்கு எதுல வரும்?" என்று கேளுங்கள். அவன் சொல்வதை மற்றவர்கள் ஏற்றிக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.