பொன்னாடைக்குப் பிறகும் ஏன் போய்விடுகிறார்கள்?

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் நாடகப் பயிற்சி நடத்துகிறோம். பெற்றோர் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தொண்டூழியர்கள் ஓராண்டு நிலைத்தாலே பெரிது. டிசம்பரில் விருந்து வைத்து, பொன்னாடை போர்த்தி, கேடயமும் கொடுக்கிறோம். ஜனவரியில் பாதிப் பேரைக் காணோம். இன்னும் என்னதான் செய்வது?

ஒரு பொறுப்பாளர்

அன்புள்ள தம்பி,

பொன்னாடை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போர்த்தினால் யாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு டிசம்பர் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 5ஆம் தேதி அனைத்துலகத் தொண்டூழியர் தினம், சரி. அது பள்ளி விடுமுறை நேரம். நம் குடும்பங்கள் பல ஊருக்குப் போயிருக்கும். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு உழைத்தவருக்கு நன்றி அந்த வாரமே போய்ச் சேர வேண்டும். அதையும் வாட்ஸ்அப் குழுவில் மொத்தமாகப் போட்டால் யார் மனதிலும் தங்காது.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஓர் அம்மா, தாதியாக வேலை பார்ப்பவர். இரவு வேலை முடிந்த களைப்போடு மகனைக் கூட்டிவந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அக்கறையில்லாதவர் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஒருநாள் பொறுப்பாளர் அவரிடமே போய், "அக்கா, ராஜா வேஷத்துக்கு அங்கி தொளதொளன்னு இருக்கு, தோள்கிட்ட கொஞ்சம் பிடிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார். அடுத்த வாரம் ஊசி நூலோடு வந்தார். நாடகம் முடிந்த இரவே அவருக்குத் தனியாக ஒரு படமும் இரண்டு வரியும் போயின: "ஒத்திகையில நம்ம ராஜா அங்கி நழுவிடுமோன்னு பயந்து கையையே தூக்கல. இன்னைக்குப் பாருங்க, எப்படி நிக்கிறான்!" இப்போது உடை அலமாரி முழுக்க அந்த அம்மா பொறுப்பில். வேறு இரண்டு அம்மாக்களையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

"யாராவது உதவ முடியுமா?" என்று பொதுவில் கேட்டால், வேறு யாரோ செய்வார்கள் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். ஒருவரிடம் போய், இந்த வேலை, இத்தனை வாரம், இத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிக் கேளுங்கள். சொன்ன மணிக்கு அனுப்பியும் விடுங்கள்.

என்னைக் கேட்டால், தொண்டூழியர்கள் போவதற்குப் பெரிய காரணம் நன்றி குறைவு அல்ல, வேலைக்கு எல்லையில்லாததுதான். வசனம் சொல்லித்தர வந்த பெண் நன்றாகச் செய்கிறாள் என்றதும் வருகைப் பதிவு, சாப்பாட்டு ஏற்பாடு, நாற்காலி அடுக்குவது எல்லாம் அவள் தலையில். முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடுவாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் வாசிப்புத் திட்டத்தைப் பாருங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைப்பது, அதுதான் அங்கே தொண்டூழியரின் வேலை. போன மாதம் திக்கிய சொல்லை இந்த மாதம் பிள்ளை தடங்கலில்லாமல் படிப்பதை அவரே கேட்கலாம். உங்கள் பயிற்சியிலும் அப்படி ஒரே வேலையைக் கொடுங்கள், அதன் பலனையும் கண்ணில் காட்டுங்கள்.

அப்புறம், காணாமல் போனவர்கள் எல்லாரும் விலகியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தொடக்கநிலை 6இல் பிள்ளை இருக்கும் வீட்டில் அக்டோபர் வரை தேர்வுக் கவலைதான். அதுவரை விட்டுவிட்டு, நவம்பரில் கூப்பிடுங்கள். ராணுவம் போன்ற கட்டாயத் தேசிய சேவைக்குப் போகும் பையன்களை இரண்டாண்டு மறந்துவிடுவது பெரிய இழப்பு. சேருவதற்கு முன் எல்லாருமாகச் சாப்பிட்டு வழியனுப்புங்கள். வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது, "ஒத்திகையை ஒரு தடவை பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுப்பா" என்று கேளுங்கள். வேலை எதுவும் கொடுக்க வேண்டாம். இளையர் குழுக்களை நாளைக்கு எடுத்து நடத்தப்போவது அவர்கள்தான்.

இந்த ஜனவரியில் வராதவர்களுக்கு ஒவ்வொருவராக நீங்களே ஃபோன் பண்ணுங்கள், தம்பி. எந்த வேலை பாரமாக இருந்தது என்று கேட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். "திரும்ப எப்ப வர்றீங்க?" என்று மட்டும் அதே ஃபோனில் கேட்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா