ஆடிப்பட்டமும் பினாங்கு மழையும்: தோட்டக் கேள்விகளுக்குப் பதில்

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு முன்வாசல் 12 அடிக்கு 8 அடி. என் தோட்டம் முழுக்க அதற்குள்தான். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: தமிழ்நாட்டு வீடியோவில் சொன்ன மாதத்தில் இங்கே விதைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று அம்மா சொல்வார். ஆடியில் வெண்டை போட்டேன். முளைத்ததெல்லாம் தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது. விதை சரியில்லையா? (பிறை)

விதையைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. அம்மா சொன்னதும் தப்பில்லை, அது அந்த மண்ணுக்குச் சொன்னது. அங்கே ஆடியில் விதைத்தால், ஐப்பசி அடைமழை வருவதற்குள் செடி வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். நமக்கு ஆவணி, புரட்டாசியிலேயே மழை கொட்ட ஆரம்பித்துவிடுகிறது. செப்டம்பர், அக்டோபர்தான் பினாங்கில் மழை மிகுந்த மாதங்கள். இளநாற்றின் கழுத்தில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும்.

நமக்குக் கோடை, குளிர் என்று பெரிய மாற்றம் கிடையாது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. நம் பட்டத்தை முடிவு செய்வது மழைதான். வெண்டையைக் கார்த்திகைக் கடைசியில் போடுங்கள். 45, 50 நாளில் காய்க்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் சமயத்தில் முதல் காய் பறிக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் வானம் காய்ந்துவிடும், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழை மாதங்களில் நிலத்தைச் சும்மா போட வேண்டாம், கங்கோங் கீரையும், சமையலில் மணத்துக்குப் போடும் பண்டானும் அந்த ஈரத்தில் கொழிக்கும். அப்புறம், சாடி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கருக்கிய உமி கலந்துகொள்ளுங்கள். நர்சரியில் 'செக்காம் பாக்கார்' என்று கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீர் தேங்காது.

பிளாட்டில் ஏழாவது மாடி, பால்கனி வடக்குப் பார்த்தது. மல்லிகை நடு வருடத்தில் பூத்துத் தள்ளுகிறது, தீபாவளிக்கு ஒரு மொட்டுகூட இல்லை. உரம் போதவில்லையா அக்கா? (கெலுகோர்)

உரத்தை நிறுத்துங்கள், செடிக்குக் குறைவது வெயில். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, வடக்கே நகர்கிறது. செப்டம்பர் முற்பகுதியில் திரும்பவும் தலையைத் தாண்டித் தெற்கே போய்விடுகிறது. நடு வருடத்தில் உங்கள் பால்கனிக்கு நேர் வெயில், தீபாவளி சமயத்தில் தெற்குப் பக்கத்து வீட்டுக்கு வெயில். மல்லிகைக்கு ஐந்து, ஆறு மணி நேர வெயில் இல்லாமல் மொட்டு வராது. வெயில் இருக்கும் காலத்திலும் சூரியன் உயரத்தில்தான் நிற்கும், பால்கனிக்குள் ஆழமாக இறங்காது. அதனால் சாடியைக் கம்பியோரம் ஒட்டி வையுங்கள். செப்டம்பரில் தெற்குப் பார்த்த வீட்டுக்காரரிடம் கொடுத்து வைக்க முடிந்தால் கொடுங்கள், பூவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நாலு நாளில் பாதிச் செடி காலி. என்ன மருந்து அடிக்கலாம்? (பட்டர்வொர்த்)

மருந்து வேண்டாம் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே கிடக்கும், பறவை தொடாது. வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு துருத்திக்கொண்டு வரும், கூடவே ஒரு நெடி. கொஞ்ச நேரத்தில் கொம்பு உள்ளே போய்விடும். என் பேத்தியை முதன்முதலில் தோட்டத்தில் உட்கார வைத்தது அந்தக் கொம்புதான்.

நான் லிமாவ் காஸ்தூரி என்ற சிறு எலுமிச்சை ஒரு சாடி தனியாக வைத்திருக்கிறேன். கறிவேப்பிலையில் புழுவைப் பார்த்தால் கிளையோடு நறுக்கி அங்கே கொண்டுபோய் விடுவேன், அந்த இலையையும் தின்னும். கறிவேப்பிலை நறுக்கிய இடத்தில் இரண்டாகக் கிளைத்து வரும், நீங்கள் நுனி கிள்ளுவதும் அதற்குத்தானே. மருந்து அடித்த இலையைத் தாளிப்பில் போட எனக்கு மனம் வராது.

சாடித் தட்டில் தண்ணீரை வாரா வாரம் கொட்டுகிறேன். அப்படியும் கொசு. (ஜெலுத்தோங்)

கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் விளிம்பில், தட்டின் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் கிடந்து, ஈரம் பட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேயுங்கள், இல்லை தட்டில் மணல் நிரப்பிவிடுங்கள். டெங்கி விஷயத்தில் அலட்சியம் கூடாது.

துணி காயப்போடும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. கொஞ்சம் தள்ளிக் கட்டலாமா? (பாயான் லெப்பாஸ்)

தள்ளாதீர்கள். இடம் மாறினால் தாய் விட்டுவிட்டுப் போய்விடலாம். முட்டை இட்டதிலிருந்து குஞ்சு பறப்பது வரை ஏறக்குறைய ஒரு மாதம். துணியை வேறு பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்தே பாருங்கள், சிலந்தி நூலால் ஒட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்து, மேலே மழைக்கு ஒரு கூரைகூட இறக்கியிருக்கும்.

தோரணத்துக்கு எங்கள் தென்னையிலேயே குருத்து வெட்டலாமா டீச்சர்? போன வருடம் வாங்கியது கட்டுவதற்குள் வாடிவிட்டது. (நிபோங் திபால்)

வெட்டலாம், ஆனால் குருத்தின் மேல்பாதி மட்டும். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. அடியில் கத்தி பட்டால் மரமே பட்டுப்போகும். ஒரு வெட்டுக்குப் பிறகு மரத்துக்கு ஓய்வு கொடுங்கள். விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வெட்டி, ஓலையை ஓலையாகப் பிரித்து, ஈரத் துணியில் சுற்றி, அதன்மேல் வாழையிலை சுற்றி நிழலில் வையுங்கள். தோரணத்துக்கு ஓலையில் கிளி மடிக்கும்போது அது விரலில் வெடித்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், தண்ணீரில் நனைத்து எடுத்தால் திரும்ப வளையும். மாவிலையைச் செருக ஈர்க்குச்சியே போதும், ஸ்டேப்ளர் வேண்டாம். மழையில் துருப்பிடித்து வாசல் கதவில் கறை இறங்கும்.