புதுசா, பழசா, கே.எல். நம்பரா? கார் வாங்குபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய கார் பார்த்துச் சொல்வது என் தொழில். நான் வண்டி விற்பதில்லை, புரோக்கர் கமிஷனும் கிடையாது. பார்த்ததற்குக் கூலி வாங்குவேன், அவ்வளவுதான். கேள்வி கேளுங்கள் என்றதும் குவிந்துவிட்டன. தெரிந்ததற்குச் சொல்கிறேன். "எந்த கார் நல்லது" என்று மட்டும் கேட்காதீர்கள்.

குழித்துறையிலிருந்து: அண்ணே, கையில் 5 லட்சம் இருக்கு. முதல் கார். கடன் போட்டுப் புதுசு எடுக்கவா, கைக்காசில் பழசு எடுக்கவா?

வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று நீங்கள் சொல்லவில்லை, தம்பி. அதுதான் முதல் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ, மாசத்துக்கு ஒரு தடவை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வீட்டுக்கு என்றால் வருஷத்துக்கு ஐயாயிரம் தாண்டாது. அதற்குப் போய் ஏழு வருஷம் தவணை கட்டுவது வீண். புது வண்டி போர்ச்சில் சும்மா நின்றாலும் விலை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஐ.டி.வி. (வண்டிக்குப் போடும் காப்பு மதிப்பு) கணக்கிட விலையைக் குறைக்கும் அட்டவணையைப் பாருங்கள்: ஆறு மாசத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நாலுக்குள் 40, ஐந்துக்குள் 50. சந்தை விலை அப்படியே இந்தக் கணக்கில் இறங்காது, நல்ல மாடல் என்றால் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் போகும் திசை இதுதான். இது போக, வாங்கும்போது கட்டும் ரோடு டாக்ஸ் தனி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். விற்கும்போது அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.

நான்கு வருஷம் ஓடிய, ஒரே ஓனர் வைத்திருந்த வண்டி என்றால் அந்த இறக்கத்தின் பெரும்பகுதியை முதல் ஆள் சுமந்துவிட்டார். ஓட்டிப் பழகும்போது காம்பவுண்டு சுவரில் உரசினாலும் வயிறு எரியாது. 5 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். நாலு டயர், பேட்டரி, முதல் சர்வீஸ், இன்சூரன்ஸ் என்று 50 ஆயிரமாவது ஒதுக்கி வையுங்கள்.

நீங்கள் தினமும் நாகர்கோவில் போய்வரும் ஆள், பத்து வருஷம் இதே வண்டிதான் என்றால் புதுசுக்குப் போகலாம். பழைய காருக்கு பாங்க் வட்டி கூடுதல் என்பதையும் கணக்கில் சேருங்கள். கைக்காசும் இல்லாமல் பழசுக்கும் கடன்தான் என்றால் வித்தியாசம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருக்காது.

தக்கலையிலிருந்து: இரண்டு வருஷம் ஓடிய வண்டி. ஆன்ரோடு 8.40 லட்சத்துக்கு எடுத்தது, 7 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். நல்ல விலைதானே?

இல்லை. அவர் வாங்கியது 2025 செப்டம்பர் 22க்கு முன்னால். அன்றிலிருந்து நாலு மீட்டருக்குள் உள்ள சின்ன கார்களுக்கு (பெட்ரோல் 1200 சி.சி., டீசல் 1500 சி.சி. வரை) ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முன்பு பெட்ரோலுக்கு 28, அதன் மேல் செஸ் 1 சதவீதம். அன்று ஷோரூம் விலை 7 லட்சம் இருந்த வண்டி, வரிக் குறைப்பை முழுசாகக் கொடுத்தால் 6.40 லட்சம்தான். ரோடு டாக்ஸும் அதற்கேற்பக் குறையும். இன்று புதுசாக எடுத்தாலே ஏறக்குறைய 7.70க்குள் சாவி கைக்கு வரும். 70 ஆயிரம் வித்தியாசத்துக்கு யாராவது இரண்டு வருஷப் பழசு வாங்குவார்களா? பழைய பில்லைக் காட்டி விலை சொல்கிறவரிடம் இன்றைய ஷோரூம் விலையைக் காட்டிப் பேசுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: துபாயில் இருப்பவர் வண்டி. 2017 மாடல், 22 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. லீவுக்கு வரும்போது மட்டும் எடுப்பாராம். சார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். நம் பக்கம் இந்த மாதிரி வண்டி நிறைய. பதினோரு மாசம் போர்ச்சில் ஷீட் போட்டு நிற்கும். ஓடாத வண்டி கெடாது என்று நினைப்பது தப்பு. ரப்பர் சாமான் எல்லாம் ஓட்டத்தால் தேய்வது ஒரு பக்கம், வயசால் வெடிப்பது இன்னொரு பக்கம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. பூ முழுசாக இருக்கும், தொட்டால் புதுசு மாதிரியே இருக்கும், ஆனால் வயசு எட்டு ஒன்பது. அந்த நாலையும் மாற்றும் காசை விலையில் கழியுங்கள்.

போனட்டைத் திறந்து ஒயர் மூட்டையை விரலால் தூக்கிப் பாருங்கள். எலி கடித்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். பிரேக் டிஸ்க்கில் மேலோட்டமான துரு பரவாயில்லை, நாலு பிரேக் பிடித்தால் போய்விடும்; குழி விழுந்திருந்தால் போகாது. அப்புறம் சர்வீஸ் ரெக்கார்டு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆயில் மாற்றியிருந்தால் 22 ஆயிரத்தை நம்பலாம். நடுவில் மூன்று வருஷம் ரெக்கார்டே இல்லை என்றால், அந்த மூன்று வருஷமும் வண்டி நின்றதா, அல்லது மைத்துனர் வாடகைக்கு ஓட்டிவிட்டு மீட்டரைத் திருப்பினாரா என்பதை ஸ்டியரிங்கின் வழவழப்பும் பிரேக் பெடல் ரப்பரும் சொல்லும்.

இன்னொன்று. விற்பவர் துபாயில், வண்டி இங்கே என்றால் கையெழுத்து யார் போடுவார்? அவர் லீவுக்கு வரும்போது ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்தைத் தொடங்கிய பிறகு பாக்கிப் பணம். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள். இதை நான் இன்னும் பத்துத் தடவை சொல்வேன்.

நாகர்கோவிலிலிருந்து: பழைய எலெக்ட்ரிக் கார்?

பேட்டரியைச் சோதிக்கும் கருவி என்னிடம் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு, அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

அருமனையிலிருந்து: நெய்யாற்றின்கரையில் கே.எல். 20 (கேரள நம்பர்) வண்டி. அதே மாடல் டி.என். 75 வண்டியை விட 60 ஆயிரம் குறைவு. எடுக்கலாமா?

அந்த 60 ஆயிரம் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் என்று நினைத்தால் எடுக்க வேண்டாம். அது நீங்கள் இங்கே கட்ட வேண்டிய வரி. அதனால்தான் வண்டி மலிவாகத் தெரிகிறது.

விற்பவர் வண்டி மேல் உள்ள கடனை முடித்து, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பாங்க் பெயரை எடுத்து, அபராதம் எதுவும் பாக்கி இல்லாமல் செய்து, நெய்யாற்றின்கரை ஆர்.டி. ஆபீஸில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கித் தர வேண்டும். அது ஃபாரம் 28. நீங்கள் அதை மார்த்தாண்டத்தில் கொடுத்து, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, வண்டியின் வயசுக்கு ஏற்ப ஆயுள் வரி கட்டி, டி.என். 75 நம்பர் வாங்க வேண்டும். கேரளத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். வந்தால் சந்தோஷம், அதை நம்பி விலை பேசாதீர்கள். வரி எவ்வளவு என்று ஆபீஸில் கேட்டுவிட்டு, அலைச்சலுக்கும் ஒரு தொகை போட்டு, அப்புறம் 60 ஆயிரத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்தாயிரம்தான் மிஞ்சும். சில சமயம் கையைக் கடிக்கும்.

என்.ஓ.சி. கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

குழித்துறை கடைக்காரர் ஒருவர்: இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை. நான் பல வருஷமாக கே.எல். 19 வண்டிதான் ஓட்டுகிறேன், ஒருவரும் கேட்டதில்லை. பாறசாலையில் மாமா வீட்டு அட்ரஸ் இருக்கு.

யாரும் கேட்காததும், கேட்டால் பதில் இருப்பதும் வேறு வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 40ஆம் பிரிவு, உரிமையாளர் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ, வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் பதிய வேண்டும் என்கிறது. 47ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் எடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் கடை குழித்துறையில், வீடு குழித்துறையில், வண்டி நிற்பதும் குழித்துறையில். மாமா மட்டும்தான் பாறசாலையில்.

பாறசாலையிலிருந்து: அண்ணா, அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் வீடு இங்கே, ரப்பர் தோட்டம் அந்தப் பக்கம். காலையில் இங்கே, மத்தியானம் அங்கே. நாங்கள் எந்த மாநிலத்து நம்பர் வைக்க?

உங்கள் கதை வேறு. வீடு நிஜமாகவே பாறசாலையில், ராத்திரி வண்டி அங்கேதான் நிற்கிறது என்றால் கே.எல். நம்பர் தாராளமாக வைக்கலாம். எல்லைக்காரர்களுக்குத் தினம் தாண்டுவது பிழைப்பு, அதை யாரும் குற்றம் சொல்லவில்லை. இல்லாத வீட்டைக் காட்டுவதுதான் தப்பு. 2017இல் கேரளத்தில் பெரிய சத்தம் கிளம்பியது நினைவிருக்கிறதா? வரி குறைவென்று விலையுயர்ந்த கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிந்தவர்கள் மேல் வழக்கே போட்டார்கள். மாமா வீட்டு அட்ரஸும் அதே வேலையின் சின்ன பதிப்புதான்.

மறுபடி குழித்துறைக்காரர்: அது கோடீஸ்வரன் கதை. என் வண்டி விலை மூணு லட்சம்.

சரி, வரியை விடுங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறதா?

அவரே: பழைய ஓனர் பெயரில்தான். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியிருக்கேன்.

அப்படிச் சொல்லுங்கள்! இவ்வளவு நேரம் மாமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கார் ஒருவரிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று கை மாறிப் போயிருந்தது; ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருந்தது. விபத்தில் ஒரு பையன் இறந்துவிட்டான். ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பு. உங்கள் ஸ்டாம்ப் பேப்பர் நிலைமை இதுதான். 2023 ஜூன் முதல் கேரளத்தில் கேமரா அபராதம் வருகிறதே, நீங்கள் சீட் பெல்ட் போடாமல் பாலராமபுரம் தாண்டினால் குறுஞ்செய்தி போவது பழைய ஓனருக்கு. அவருக்குத்தான் தலைவலி, எனக்கென்ன என்கிறீர்களா? வண்டியை நீங்களே மரத்தில் மோதினால், பாலிசி உங்கள் பெயரில் இல்லாமல் சொந்த சேதத்துக்கு கிளெய்ம் கேட்க முடியாது. பெயர் மாறினால் மூன்றாம் நபர் காப்பு மட்டும் வண்டியோடு வரும். சொந்த சேதத்துக்கு 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். பழைய ஓனர் நாளைக்கே வண்டி திருடு போனதாகப் புகார் கொடுத்தால் ஸ்டேஷனில் ஆர்.சி.யைத்தான் பார்ப்பார்கள்.

இந்தச் சண்டை இத்தோடு போதும். இன்னும் எட்டுப் பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். கே.எல். வண்டி வாங்கலாமா என்பதற்குப் பதில் அருமனைக்காரருக்குச் சொன்னதுதான்.

கருங்கலிலிருந்து: கே.எல். வண்டி வாங்கலாமா?

மேலே.

குலசேகரத்திலிருந்து: ஆலுவா பக்கத்து வண்டி, ரொம்ப மலிவு. வெள்ளத்தில் முங்கினதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முங்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு நஷ்டம் என்று ஏலத்தில் தள்ளின. அப்படி ஏலம் போகும் வண்டிகளைக் கழுவிப் பளபளப்பாக்கி விற்பவர்கள் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வண்டிகளுக்கும், 2023 டிசம்பர் தூத்துக்குடி வண்டிகளுக்கும் இதையே பாருங்கள்.

சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பாதியை ஷாம்பு போட்டுத் தேய்த்திருப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு அடியில் காப்பிக் கறை மாதிரி ஒரு கோடு இருந்தால் தண்ணீர் அங்கே வரைக்கும் ஏறியிருக்கிறது. அதோடு சீட்டுக்கு அடியில், சீட் நகரும் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் உள்ள குழி, டேஷ்போர்டுக்குக் கீழே பெயின்ட் அடிக்காத இரும்புப் பட்டை, மூன்றிலும் துருவைத் தேடுங்கள். குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர் வண்டிகளுக்கும் துரு உண்டு, ஆனால் உப்புக்காற்றுத் துரு வெளிப்பக்கத்தில் அடித்தகட்டிலிருந்து தொடங்கும், சீட்டுக்கு அடியில் வராது. ஏ.சி.யைப் போட்டு முதல் காற்றை மோந்து பாருங்கள். கார் வாசனை ஸ்ப்ரே மூன்று தொங்கினால் சந்தேகப்படுங்கள்.

மார்த்தாண்டம்: வீட்டிலிருந்து கடைக்கு நாலு கிலோமீட்டர். டீசல் எடுக்கவா? மைலேஜ் கிடைக்குமே.

வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். நாலு கிலோமீட்டர் ஓடி மேம்பாலத்தடியில் நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும்.

ஒருவர்: டெல்லி நம்பர் டீசல் வண்டி பாதி விலைக்குக் கிடைக்குது.

அங்கே 2015இல் பத்து வருஷ டீசலுக்குத் தடை வந்ததிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். கே.எல். வண்டிக்கு உள்ள எல்லாத் தலைவலியும் உண்டு, அதோடு விற்பவரைப் பிடிக்க நீங்கள் ரயிலேற வேண்டும்.

இன்னொருவர்: எனக்கு நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் இருக்கு. பழைய காரை விற்றால் போய்விடுமா?

போகாது. கிளெய்ம் கேட்காததற்காக பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி வண்டிக்கு அல்ல, உங்களுக்கு உரியது. சான்று வாங்கி வைத்து அடுத்த வண்டிக்கு மாற்றுங்கள். உங்களிடம் வாங்குபவர் "போனஸோடு வருது" என்று சொன்னால் திருத்துங்கள்.

களியக்காவிளை: பி.எச். நம்பர் எடுத்தால் இரண்டு மாநிலமும் ஒன்றுதானே?

மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத அந்த 'பாரத்' நம்பர் அரசு ஊழியருக்கும், நாலு மாநிலத்திலாவது ஆபீஸ் உள்ள கம்பெனி ஊழியருக்கும்தான்.

திற்பரப்பு: சார், எந்த கார் நல்லது?

அடுத்தது.

முஞ்சிறையிலிருந்து: ஒரு வண்டி முடிவாகிற மாதிரி இருக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து பார்த்துச் சொல்வீர்களா, அண்ணே?

வருகிறேன், மத்தியானம் வேண்டாம், காலை ஏழு மணி. நான் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தையும் புகையையும் நான் பார்க்க வேண்டும். "சூடாக்கி வைத்திருக்கேன்" என்று போன் வந்தால் இன்னொரு நாள் வருகிறேன். ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டின் அசல், சர்வீஸ் பில் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.