ஏன்ஷியன்டா, ஆன்டீக்கா?

காரைக்குடியில் பழைய வீட்டை விடுதியாக்கி, ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதப்போகிறவரின் கேள்வி இது. இரண்டுமே வீட்டுக்குச் சரிவராது. ஏன்ஷியன்ட் என்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை. காரைக்குடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில், அகழாய்வு நடந்த கீழடிக்கு அது பொருந்தும். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கட்டியவை. 'ஓல்டு' போதும், கொஞ்சம் மெருகு வேண்டுமென்றால் 'ஹெரிடேஜ்'.

ஆன்டீக் என்பது பெரும்பாலும் வாங்கி விற்கிற பழம்பொருளுக்கு. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடக்கும் பர்மா தேக்குப் பெட்டி, பித்தளைக் குத்துவிளக்கு, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் இதில் வரும், வழக்கமாக 100 வயது தாண்டியிருந்தால். (கடைக்காரர் சொல்லும் வயதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.) அப்புறம், நேற்று வார்த்த ஆத்தங்குடித் தரைக்கல் (டைல்ஸ்) எவ்வளவு பழைய டிசைனாக இருந்தாலும் ஆன்டீக் ஆகாது.