ஹோம் தியேட்டருக்கு எந்த ஸ்பீக்கர் செட் வாங்கலாம்? சுவர்களில் ஃபோம் ஒட்ட வேண்டுமா?

கேள்வி: மாடியில் இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன. ஒன்று 10க்கு 10, இன்னொன்று 16க்கு 11. இரண்டுக்கும் உயரம் 10 அடி. டிவி இருக்கிறது. ஆடியோவுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். எந்த அறை, எந்த செட்? நான்கு சுவரிலும் ஃபோம் ஒட்டினால்தான் சரிவரும் என்கிறார் கடைக்காரர். ஒட்டலாமா?

பதில்:

16க்கு 11 அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோம் ஒட்டாதீர்கள். செட்டைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துப் பேசலாம், ஏனென்றால் அறையைச் சரிசெய்யாமல் வாங்கும் எந்தச் செட்டும் ஒரே மாதிரி மோசமாகத்தான் கேட்கும். இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை, கைக்காசு போட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் ஆடியோ இன்ஜினியர் இல்லை. திருச்சியில் வீடு கட்டியபோது மாடியில் ஓர் அறையை இதற்கென்றே விட்டேன். செட் வந்த அன்று வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு படம் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "சண்டை போடுறது மட்டும் நல்லாக் கேக்குது, பேசுறது ஒண்ணும் விளங்கலடா" என்று அம்மா எழுந்து கீழே போய்விட்டார். வசனம் வந்தால் சத்தத்தைக் கூட்டுவது, பாட்டு வந்தால் பதறிக் குறைப்பது என்று மீதிப் படம் முழுக்க ரிமோட் என் கையிலேயே இருந்தது. வசனம் வருகிற நடு ஸ்பீக்கரான சென்டர் ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கினேன். விளங்காத வசனம் இப்போது பெரிய சத்தத்தில் விளங்கவில்லை, அவ்வளவுதான்.

கோளாறு அறையில் இருந்தது. நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ், சுவரில் பட்டி பார்த்து அடித்த பெயின்ட், மேலே கான்கிரீட், பக்கத்தில் கண்ணாடி ஜன்னல். இந்தப் பரப்புகள் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும், மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். காலி அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் ஸ்பிரிங்கைச் சுண்டிவிட்டது போல 'ட்ர்ர்ர்' என்று ஒரு வால் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வால் உண்டு. 'கட்டு', 'பட்டு', 'தட்டு' மூன்றையும் பிரித்துக் காட்டுவது முதலில் வரும் அந்தச் சின்ன மெய்யொலிதான். முந்தைய சொல்லின் உயிரொலி இழுத்துக்கொண்டே இருந்தால் அது அடியில் அமுங்கிப் போகும். அம்மாவுக்கு விளங்காமல் போனது அதனால்தான்.

இந்தச் சிக்கல் பழையது. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகம் புதிதாகத் திறந்தபோது, அதன் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆனது. வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, மெத்தை கூடக் கூட எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று இரவு நேரங்களில் உட்கார்ந்து அளந்தார். இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு அப்படித்தான் பிறந்தது: அறையின் கன மீட்டரை 0.161 ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பின் சதுர மீட்டரால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் கிடைக்கும். உங்கள் 16க்கு 11 அறை சுமார் 50 கன மீட்டர். படம் பார்க்க 0.4 நொடி இருந்தால் நன்றாக இருக்கும். அதற்கு 20 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். சோபா, தரைவிரிப்பு, கனமான திரைச்சீலை, உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாம் இதில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவார்கள்.

சபீன் கதையைப் படித்த அன்றே பரணில் கிடந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை மாடிக்குத் தூக்கிப்போய் முன்பக்க மூலைகளில் நிற்க வைத்தேன். போர்வைகளைப் பக்கச் சுவர்களில் தொங்கவிட்டேன். பார்ப்பதற்குச் சலவைக்கடை மாதிரி இருந்தது. ஆனால் அதே படம், அதே ஸ்பீக்கர், வசனம் தெளிவாக வந்து விழுந்தது. நீங்களும் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்து, 10க்கு 10 அறை ஏன் வேண்டாம் என்கிறேன். 565 என்ற எண்ணை அறையின் நீளத்தால் (அடியில்) வகுத்தால், அந்த இரண்டு சுவர்களுக்கிடையே முதலில் முழங்கும் அதிர்வெண் கிடைக்கும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,130 அடி போகிறது, அதில் பாதி இந்த 565. 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 அதிர்வு. உங்கள் சின்ன அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி, ஆக மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். பறை, டிரம், வெடிச்சத்தம் எது வந்தாலும் அந்த ஒரே 'கும்' தான். பெரிய அறையில் 35, 51, 56 என்று கொஞ்சமாவது பிரிந்து நிற்கிறது. 51உம் 56உம் நெருக்கம்தான், ஆனாலும் சமாளித்துவிடலாம்.

அந்த அறையில் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், அங்கே பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, குவியும். நட்ட நடுவில், அதாவது 8 அடியில் போட்டால் 35 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். டிவி இருக்கும் சுவரிலிருந்து 10 அடி தூரத்தில் தலை வருகிற மாதிரி தொடங்கி, அரை அடி முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். பின்னால் இடம் வீணாகிறதே என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் புத்தக அலமாரி வந்துவிட்டது, கேள்வி நின்றது.

சரி, ஃபோம். நானும் ஒட்டியவன்தான். கடைக்காரர் சொன்னபடி ஓர் அங்குல பிரமிடு ஃபோமை மூன்று சுவருக்கு ஒட்டினேன். மெலிந்த ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் தின்றுவிடும், கனத்த ஒலியைத் தொடவே தொடாது. ஒரு பொருள் முழுமையாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் தடிமன் அந்த ஒலியலையின் நீளத்தில் கால்பங்குக்குப் பக்கத்திலாவது வர வேண்டும். 100 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு 85 சென்டிமீட்டருக்கு மேல். ஓர் அங்குலம் அங்கே என்ன செய்யும்? சலங்கை ஒலி மழுங்கி, பேஸ் மட்டும் முன்னைவிட அதிகமாக இருப்பதுபோல் தோன்றியது. சித்திரை வெயிலில் பசை இளகி ஒவ்வொன்றாக விழுந்தபோது பெயின்டையும் உரித்துக்கொண்டு வந்தது. இன்னொன்று, சாதாரண ஃபோம் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் புகை நஞ்சு. வயரும் ஆம்ப்ளிஃபையரும் இருக்கிற அறையில் நான்கு சுவரிலும் அதை ஒட்டுவது எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

அதற்குப் பதிலாக ராக் வுல், அதாவது பாறையை உருக்கி இழுத்த நார்ப் பலகை. கட்டுமானப் பொருள் கடைகளில், ஏசி டக்ட் வேலை செய்பவர்களிடம் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்று கேளுங்கள். ஆசாரியிடம் 4 அடிக்கு 2 அடி, 4 அங்குல ஆழத்தில் மரச்சட்டம் அடித்து வாங்கி, உள்ளே ராக் வுல்லை வைத்து, மேலே துணி இழுத்துக் கட்ட வேண்டும். துணிக்கு ஒரே சோதனை, வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். ரெக்சின் தேறாது, காடாத்துணி அருமையாகத் தேறும். நான் காடாவைச் சாயம் போட்டுக் கட்டினேன். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் ராக் வுல்லைத் தொடாதீர்கள். ஒருநாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன்.

இப்படி எட்டுப் பலகை போதும். இரண்டு முன்மூலைகளில் தரையிலிருந்து 8 அடி உயரம்வரை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே நிற்க வைக்க நான்கு, பக்கச் சுவர்களுக்கு இரண்டு, பின்சுவருக்கு இரண்டு. பக்கச் சுவரில் எந்த இடம் என்பதற்குக் கண்ணாடி போதும். நீங்கள் சோபாவில் உட்காருங்கள், ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிற இடம்தான் பலகையின் இடம். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டினால் இன்னும் தாழ்ந்த ஒலிவரை பிடிக்கும். முன்புறத் தரையில் ஒரு தடித்த கார்பெட். ஜமுக்காளம் அழகுதான், ஆனால் மெல்லியது, இந்த வேலைக்கு ஆகாது. முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதெல்லாம் அறைக்குள் கேட்பதைச் சரிசெய்யும், சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. அது வேறு வேலை. கனமான கதவு, கதவுக்கடியில் இருக்கும் இடுக்கை அடைக்கும் ரப்பர், இவை கொஞ்சம் உதவும். ராத்திரி பத்து மணிக்குமேல் பேஸுக்கென்றே இருக்கும் பெட்டியான சப்வூஃபரைக் குறைப்பதுதான் கீழே தூங்குபவர்களுக்கு நிச்சயமான உதவி.

இப்போது செட். ஒன்றரை லட்சத்தில் 20 ஆயிரம் அறைக்கு, 40 ரிசீவருக்கு (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி), 45 முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களுக்கு, 30 சப்வூஃபருக்கு, 15 பக்கவாட்டு இரண்டுக்கு என்று பிரிப்பேன். 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், போதும். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் ஆசையில் அதே பணத்தை ஏழெட்டுச் சின்னப் பெட்டிகளாகச் சிதறடிப்பதைவிட நல்ல ஐந்து மேல். ரிசீவருக்கு டெனான், யமஹா, ஒன்கியோ மூன்றில் உங்கள் ஊரில் சர்வீஸ் எதற்கு இருக்கிறதோ அது. ஸ்பீக்கருக்கு போல்க், வார்ஃப்டேல், கிளிப்ஷ் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் முன்பக்க மூன்றும் ஒரே வரிசையாக இருக்கட்டும். ஓடும் கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் குரல் மாறினால் எரிச்சலாக இருக்கும்.

வாட் கணக்கில் மயங்காதீர்கள். நம் ஊரில் டேப்ரிக்கார்டர் காலத்தில் கைக்கடக்கமான பெட்டிமேல் '2000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஒரு கண நேர உச்சத்தை வைத்து விளம்பரக் கணக்கு ஒட்டியிருப்பார்களே, அந்த மனப்பழக்கம் இன்னும் போகவில்லை. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் ஒரு டெசிபல், காதுக்குத் தெரிந்தால் அதிசயம். அதைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு அது எவ்வளவு சத்தம் தருகிறது என்பதை. 85க்குப் பதில் 88 டெசிபல் உள்ளதை எடுத்தால், ஆம்ப்ளிஃபையரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

சென்டர் ஸ்பீக்கரை டிவி அலமாரிக்குள் தள்ளி வைக்காதீர்கள். பலகையின் விளிம்புவரை முன்னே இழுத்து, முகத்தை லேசாகக் காதுப்பக்கம் நிமிர்த்தி வையுங்கள். பக்கவாட்டு இரண்டும் உங்களுக்கு நேர் இடவலத்தைவிடக் கொஞ்சம் பின்னால், முன்திசையிலிருந்து 110 பாகையில் வர வேண்டும்.

சப்வூஃபருக்கு இடம் பார்க்கும் முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின்மேல் வைத்து, பேஸ் நிறைய உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டுத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். சில இடத்தில் கும்கும் என்று வீங்கும், சில இடத்தில் ஒன்றுமே இராது. ஒவ்வொரு தாள அடியும் தனித்தனியாக, அளவாகக் கேட்கிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு சப்வூஃபரை அங்கே இறக்குங்கள். நான் தவழ்ந்தபோது என் மூன்று வயது மகள் குதிரை என்று நினைத்து முதுகில் ஏறிவிட்டாள். இடம் கிடைத்தது, டிவிக்கு வலப்பக்கம் சுவரின் கால்பங்கில்.

ஸ்பீக்கர்களை ரிசீவர் தானே சரிசெய்துகொள்ள, அதோடு வரும் மைக்கை வைத்து அளக்கும்போது ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். மைக்கைக் கையில் பிடிக்காமல், சோபாவில் சாய்க்காமல், கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் வையுங்கள். அளந்து முடித்ததும் மெனுவில் ஸ்பீக்கர்கள் எல்லாம் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் என்று, அதாவது 80க்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும்படி, இருக்கிறதா பாருங்கள், சில ரிசீவர்கள் தாமாக 'லார்ஜ்' போட்டுவிடும். அப்புறம் சென்டரை மட்டும் 2 டெசிபல் கூட்டுங்கள். பெரியவர்கள் பார்க்கும்போது நைட் மோடைப் போட்டுவிடுங்கள், சண்டைக்கும் பேச்சுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் சுருங்கும். அம்மா இப்போது ஞாயிறு மத்தியானம் தானே மேலே வந்து உட்காருகிறார்.

அறையில் பூச்சு வேலை ஏதாவது பாக்கி இருந்தால், பின்னாளில் அட்மாஸ் போடுவதற்காகக் கூரைக்கு நான்கு இடத்தில் பிவிசி பைப்பும், சப்வூஃபர் பக்கம் ஒரு பிளக் பாயின்ட்டும் இப்போதே போட்டுவிடச் சொல்லுங்கள். பின்னால் வயரை இழுப்பதற்கான கம்பியைப் பைப்புக்குள் போட மறந்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.